பனியில் டயர் காற்றைக் குறைக்கலாமா? முதலில், எந்தப் பனி?

கேட்டவர் கோவைக்காரர். மஹிந்திரா தார் 4x4 வண்டி வைத்திருக்கிறார். ஜனவரியில் இரண்டு நண்பர்களோடு சிம்லா, கின்னௌர் வழியாக இமாசலத்தின் ஸ்பிதிக்குப் போகிறார். ஒரு நண்பர், "பனியில் இறங்கினதும் காற்றை 15-க்கு இறக்கிவிடு, அப்போதுதான் பிடிக்கும்" என்றாராம். இன்னொருவர், "பனிக்கு ஒல்லி டயரும் கெட்டிக் காற்றும்தான் சரி, குறைத்தால் வழுக்கும்" என்றாராம். யார் சொல்வதைக் கேட்பது, எத்தனை பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அளவு) வைப்பது என்பது கேள்வி. கேட்டவரே, நீங்கள் ஓர் எண்ணைக் கேட்கிறீர்கள். உள்ளே இருக்கிற குழப்பம் வேறு: அனுபவப்பட்ட இரண்டு பேர் நேர் எதிராகப் பேசினால் ஒருவர் தப்பாகத்தானே இருக்க வேண்டும்? இருக்க வேண்டியதில்லை. இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பனியை மனதில் வைத்துக்கொண்டு.

தமிழில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதும் நமக்குப் பனி, தை மாதம் ஊட்டிப் புல்வெளியை வெளுக்க வைப்பதும் பனி, ஸ்பிதி போகும் வழியில் நாக்கோ பக்கம் முழங்கால் வரை கிடப்பதும் பனி. ஒரே சொல்லை வைத்து ஓட்டிவிடுகிறோம். டயருக்கு அது போதாது. மாவு போலப் புதிதாக விழுந்து கிடக்கும் பனி, வண்டிகள் ஏறி ஏறிச் சாணம் மெழுகிய தரை மாதிரி இறுகிவிட்ட பனி, உருகி மறுபடி உறைந்து கண்ணாடியாகிவிட்ட பனிக்கட்டி, பாதி உருகிக் கூழாகக் கிடக்கும் பனி என்று நாலும் நாலு தினுசு. ஒன்றில் பலிக்கிற வைத்தியம் மற்றதில் பலிக்காது.

என்னைப் பற்றி இரண்டு வரி. நாமக்கல்லில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் அப்பாவின் ரீட்ரேடிங் பட்டறையில் டயர்களுக்கு நடுவே வளர்ந்தவன். அப்புறம் பன்னிரண்டு குளிர்காலம் இமாசலத்தில் சுற்றுலாக் குழுக்களுக்கு வண்டி ஓட்டினேன். ஆய்வுக்கூடத்தில் டயரைச் சோதித்தவன் அல்ல. அதனால் எது கணக்கு, எது என் பழக்கம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. வண்டியின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றுதான். உங்கள் தார், மூன்று ஆள், பெட்டி படுக்கை, டேங்க் நிறைய எரிபொருள் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இரண்டு டன் என்று வையுங்கள். சக்கரத்துக்கு 500 கிலோ. 32 பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் இரண்டேகால் கிலோ அழுத்தம். அப்படிப் பார்த்தால் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது 220 சதுர சென்டிமீட்டர் சொச்சம், ஓர் ஆளின் விரித்த கை அளவு. காற்றைப் பாதியாக்கினால் கணக்குப்படி இந்தப் பரப்பு இரட்டிப்பாக வேண்டும். நிஜத்தில் அவ்வளவு ஆகாது, ஏனென்றால் டயரின் பக்கச் சுவர் கொஞ்சம் எடையைத் தானே பிடித்துக்கொள்ளும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடும். தரையில் படும் நீளம்தான் நன்றாகக் கூடும், புல்டோசர் பட்டை மாதிரி.

நாற்று நடுவதற்கு முன் வயலில் பரம்படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சேற்றில் நடக்கிறவன் கால் முழங்கால் வரை புதையும், பரம்புப் பலகை மேல் நிற்கிறவன் புதைய மாட்டான். ஆழமான, மிருதுவான பனியில் காற்றைக் குறைப்பது அந்தப் பலகை வேலைதான். 15-க்கு இறக்கச் சொன்ன உங்கள் நண்பர் அந்தப் பனியில் மாட்டி வெளியே வந்தவராக இருப்பார், இல்லையென்றால் ஜெய்சல்மேர் மணலில் கற்ற பாடத்தைப் பனிக்குக் கொண்டுவந்திருப்பார். இன்னொரு நண்பர் சொல்வது, நாலு விரல் பனிக்கு அடியிலேயே கெட்டித் தரையோ தாரோ இருக்கும் இடத்தைப் பற்றியது. அங்கே மிதந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. டயர் பனியை வெட்டிக்கொண்டு கீழே போய்த் தரையைப் பிடித்தால் லாபம். பழைய மாட்டு வண்டியின் இரும்புப் பட்டைச் சக்கரம் ஆற்று மணலில் புதைந்துவிடும், ஆனால் மேலே ஈரமும் அடியில் கெட்டியுமான தடத்தில் அதே சக்கரம் வெட்டிப் பிடித்துக்கொண்டு போகும்.

மணலையும் பனியையும் ஒன்றாக நினைப்பதில் இன்னொரு தப்பும் இருக்கிறது. மணலில் சக்கரம் சுழன்றால் குழி விழும், அவ்வளவுதான். பனியில் சக்கரம் சுழன்றால் அந்தச் சூட்டில் மேல் பனி உருகி, அடுத்த நிமிஷமே உறைந்து, நீங்களே உங்கள் சக்கரத்துக்கு அடியில் ஒரு பனிக்கட்டித் தட்டு செய்து வைத்துவிடுவீர்கள். அதற்கப்புறம் எத்தனை பிஎஸ்ஐ வைத்தாலும் பலன் இல்லை. ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்கும் பக்குவம், டயர் காற்றைவிட முக்கியம் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, உங்கள் வழியில் என்ன பனி இருக்கும்? மணாலிப் பக்கத்திலிருந்து ஸ்பிதிக்குள் வரும் குன்சும் கணவாய் ஜனவரியில் மூடியிருக்கும். அதனால் நார்கண்டா, ராம்பூர், பூ, நாக்கோ, சும்தோ, தாபோ, காசா என்று கின்னௌர் வழியாகத்தான் போக முடியும். இந்த வழியில் பெரும்பகுதி தார், மண், கல். பனி கிடக்கும் இடங்களிலும் புதிதாக விழுந்த அன்றைக்கு மட்டும்தான் மாவாக இருக்கும், இரண்டே நாளில் வண்டிகள் மிதித்து இறுக்கிவிடும். வெயில் படாத வளைவுகளிலும், மேலே இருந்து ஓடை சாலையைக் கடக்கும் இடங்களிலும் பனிக்கட்டி இருக்கும். அங்கத்து டிரைவர்கள் இதைப் 'பாலா' என்பார்கள். "ஆகே பாலா ஹை" என்று எதிரே வருகிறவர் கை காட்டிச் சொன்னால், இறங்கி நடந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். கண்ணுக்கு ஈரத் தார் மாதிரிதான் தெரியும்.

இந்தப் பனிக்கட்டியில் காற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். உராய்வு என்பதை ஓர் எண்ணாகச் சொன்னால் காய்ந்த தாரில் 0.8 பக்கம் இருக்கும், இறுகிய பனியில் 0.2 முதல் 0.3, ஈரப் பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழே. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் வண்டி காய்ந்த தாரில் பிரேக் பிடித்தால் எட்டு மீட்டரில் நிற்கும். 0.1-ல் அதே வண்டி நிற்க அறுபது மீட்டருக்கு மேல் வேண்டும். கின்னௌர் சாலையில் அறுபது மீட்டருக்கு நேர் சாலை கிடைப்பதே அபூர்வம், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சட்லஜ். இந்த வித்தியாசத்தை நாலு பிஎஸ்ஐ வைத்து ஈடுகட்ட முடியாது. 4x4-ம் இங்கே கை கொடுக்காது. அது வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. இன்னொன்று, பனிக்கட்டி மோசமாக வழுக்குவது கடுங்குளிரில் அல்ல, பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி மேலே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்போது. மைனஸ் இருபதில் அதே கட்டி கொஞ்சம் பிடிக்கும். மத்தியான வெயிலில் "பனி இளகிவிட்டது, இனி பயமில்லை" என்று நினைக்கிறவர்களைத்தான் நான் அதிகமாகக் கயிறு கட்டி இழுத்திருக்கிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அந்த ஈரமெல்லாம் திரும்ப உறையும். அதற்குள் தங்குமிடம் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

பனிக்கட்டிக்கு மருந்து செயின், அதாவது டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி. நாலு சக்கரத்துக்கும் இருந்தால் நல்லது. இரண்டுதான் இருக்கிறது என்றால் எந்த அச்சில் போடுவது என்று வண்டியோடு வந்த கையேட்டில் பாருங்கள். பின்னால் மட்டும் போட்டால் இறக்கத்தில் முன் சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது, முன்னால் மட்டும் போட்டால் பின்பக்கம் வீசும், இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும். காற்றுக்கும் செயினுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. காற்றை எவ்வளவு வைக்கப்போகிறீர்களோ அதை முதலில் வைத்துவிட்டு அப்புறம்தான் செயின் மாட்ட வேண்டும். நிறைந்த டயரில் மாட்டிவிட்டுக் காற்றைக் குறைத்தால் செயின் தளர்ந்து பிரேக் ஹோஸையும் மட்கார்டு உட்புறத்தையும் அடிக்கும். ரொம்பத் தளர்ந்த டயரில் மாட்டினால் பக்கச் சுவரை அரைக்கும், ரீட்ரேடிங்குக்குக்கூட அந்த டயரை எடுக்க மாட்டோம். மாட்டியதும் நூறு மீட்டர் ஓட்டி, நிறுத்தி, ஒரு முறை இறுக்குங்கள். வீட்டு வாசலில் இரண்டு முறையாவது மாட்டிக் கழற்றிப் பழகுங்கள். மைனஸ் பத்தில் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது.

இப்போது காற்றின் அளவு பற்றி நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று. கோவையில் 28 டிகிரியில் 32 பிஎஸ்ஐ பிடித்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். காசாவில் காலை மைனஸ் 15. குளிரில் காற்று சுருங்கும், ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஒன்றரையிலிருந்து இரண்டு பிஎஸ்ஐ இறங்கும். இந்தக் கணக்கை மட்டும் போட்டால் காசாவில் 25 காட்ட வேண்டும். பலரும் இதை நம்பி, "குளிரே குறைத்துக் கொடுத்துவிடும்" என்று பேசுகிறார்கள். ஆனால் காசா 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மீட்டர் காட்டுவது டயருக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தை. கோவையில் வெளிக்காற்று 14 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்துகிறது, காசாவில் சுமார் 9.3 மட்டுமே. வெளியே குறைந்த இந்த நாலே முக்கால் பிஎஸ்ஐ, மீட்டரில் கூடுதலாகத் தெரியும். ஆக 25 அல்ல, 30 காட்டும். குளிர் எடுத்ததை உயரம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. டயர் எடையைத் தாங்குவதும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் என்பதால், மீட்டர் காட்டுவதையே நம்பலாம், மனக்கணக்குப் போட்டுத் திருத்த வேண்டாம்.

இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். உங்கள் பயணத்தில் காற்று மிகவும் குறைந்து நிற்கும் இடம் ஸ்பிதியே அல்ல, வழியில் ஹரியானா சமவெளியில் இருக்கும் அம்பாலா. ஜனவரிக் காலை ஆறு டிகிரி இருக்கும், உயரமோ முந்நூறு மீட்டர்கூட இல்லை. குளிர் உண்டு, அதை ஈடுகட்ட உயரம் இல்லை. கோவையில் பிடித்த 32 அங்கே 28 காட்டும். மூன்று பேர், முழுச் சுமை, நூறு கிலோமீட்டர் வேகம். டயர் சூடேறிக் கெடுவதற்கு வேண்டிய எல்லாம் அங்கேதான் கூடியிருக்கிறது, எல்லாரும் பனியை மட்டும் நினைத்துக்கொண்டு அந்த ஹைவேயைச் சும்மா கடந்துவிடுகிறார்கள். அங்கே காலையில் ஒரு முறை பார்த்து நிரப்புங்கள். அளப்பது எப்போதும் வண்டி ஓடுவதற்கு முன்பு, குளிர்ந்த டயரில். ஒரு பக்கம் வெயில் அடித்தாலே அந்தப் பக்க டயர்கள் ஒன்றிரண்டு கூடக் காட்டும். அதைப் பார்த்து இந்தப் பக்கத்தில் காற்று இறங்குகிறது என்று பஞ்சர் தேடியவர்கள் உண்டு.

அடுத்தது இறுகிய பனி. காசாவிலிருந்து கீ, கிப்பர், லாங்சா, ஹிக்கிம் ஏறும் சாலைகளில் பெரும்பாலும் இதுதான். இங்கேதான் நான் உறுதியாகப் பேச மாட்டேன். கொஞ்சம் குறைத்தால் தரையில் படும் நீளம் கூடி, டிரெட் கட்டைகள் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) நிறையப் பனியைக் கவ்வும் என்பது ஒரு வாதம். பனி பனியோடுதான் நன்றாக ஒட்டும், டிரெட் இடுக்கில் அடைத்த பனி தரைப் பனியைப் பிடிக்கிறது என்பது உண்மையும்கூட. அதற்கு எதிர் வாதம்: குறைத்தால் டயரின் நடுப்பகுதி உள்வாங்கிக்கொண்டு ஓரங்கள்தான் எடையைத் தாங்கும், நடுவில் இருக்கும் வெட்டுகள் வேலை செய்யாது, ஸ்டியரிங் தளதளவென்று ஆகும். வட ஐரோப்பாவில் குளிர்கால டயர் செய்கிறவர்கள் சாலையில் ஓடும் கார்களுக்கு வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வைக்கச் சொல்கிறார்கள் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் செய்தது என்ன என்றால், வண்டி செய்தவர்கள் சொல்லும் காற்றளவைக் காட்டிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எண்ணிலிருந்து இரண்டு மூன்று குறைத்து ஓட்டினேன். பிடிப்பு கூடியதா, மேடுபள்ளத்தில் வண்டி குதிப்பது குறைந்ததால் பிடிப்பு கூடியது போலத் தோன்றியதா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். என்னோடு ஓட்டிய உஸ்தாத் ஒருவர் எதையும் குறைக்காமல் அதே சாலையில் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஆகவே இறுகிய பனிக்கு ஸ்டிக்கர் எண்ணே போதும். நீங்கள் குறைக்காததால் எதையும் இழக்கப்போவதில்லை.

கூழ்ப் பனிக்குச் சுருக்கமாக ஒரு வார்த்தை: குறைக்கவே கூடாது. மழைத் தண்ணீரில் டயர் மிதப்பது போலக் கூழிலும் மிதக்கும், காற்று குறைந்த டயர் இன்னும் சீக்கிரம் மிதக்கும்.

கடைசியில் அந்த ஆழமான மாவுப் பனி. இங்கே உங்கள் 15 பிஎஸ்ஐ நண்பருக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். இரவு விழுந்த பனி முக்கால் அடி, அடியில் கெட்டித் தரை எட்டவில்லை, வண்டி முன்னே போகாமல் புதைகிறது என்றால் காற்றைக் குறைப்பதுபோல் வேலை செய்வது வேறொன்றும் இல்லை. ஆனால் ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இங்கே அப்படியே பொருந்தும். 32-ல் இருந்தால் முதலில் 24, நகர்ந்தால் அதோடு நிறுத்துங்கள். நகரவில்லையென்றால் 20. அப்புறம் 18. சாதாரண ரிம்மில் 15-க்குக் கீழே நான் போனது விரல்விட்டு எண்ணும் தடவைகள்தான், அதுவும் ஐம்பது மீட்டரைக் கடந்து வெளியே வருவதற்கு மட்டும். 16 அங்குல ரிம்மில் 245/75 டயர் என்றால் பக்கச் சுவர் 18 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் இருக்கும். 18 அங்குல ரிம்மில் 255/65 என்றால் பதினாறரைதான். பக்கச் சுவர் குட்டையாக இருந்தால் மடங்க இடம் குறைவு, அதனால் குறைப்பதில் கிடைக்கும் லாபமும் குறைவு, ரிம் கல்லில் இடிக்கும் ஆபத்து அதிகம். உங்கள் வண்டியில் எது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இந்த எண்களைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றைக் குறைப்பதற்கு முன் மண்வெட்டியை எடுங்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வழித்து, வந்த தடத்திலேயே பின்னால் போய், மறுபடி மெதுவாக முன்னே வந்தால் பாதி நேரம் அதுவே போதும். வண்டியின் வயிறு பனியில் உட்கார்ந்துவிட்டால் காற்றைக் குறைப்பது உதவாது, குறைத்தால் வண்டி இன்னும் தாழும். தார் வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே 226 மில்லிமீட்டர்தான். அதாவது முக்கால் அடி. பனி அதற்கு மேல் மிருதுவாகக் கிடந்தால் அது ஓட்டுவதற்கான சாலை அல்ல, திரும்பிப் போக வேண்டிய இடம்.

குறைத்த டயரில் வருகிற ஆபத்து, டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றுவிடுவது. ஓரத்தை ரிம்மோடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். அது தளர்ந்தால் திருப்பத்தில் ரிம் ஒரு பக்கமும் டயர் ஒரு பக்கமும் போகும். டியூப்லெஸ் டயர் என்றால் ஒரே நொடியில் மொத்தக் காற்றும் போய்விடும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என்னுடைய மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு குழுவைப் புதுப் பனியிலிருந்து வெளியே எடுக்க 14-க்கு இறக்கினேன். வேலை முடிந்தது, எல்லாரும் கை தட்டினார்கள், அந்தச் சந்தோஷத்தில் திரும்ப நிரப்புவதைச் சாய்ந்தரத்துக்குத் தள்ளிப்போட்டேன். பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டிக் காய்ந்த தாரில் ஒரு கொண்டை ஊசி வளைவு. முன் இடது டயர் ரிம்மை விட்டு இறங்கிவிட்டது. வண்டி பாறைப் பக்கம் போய் நின்றது. ஆற்றுப் பக்கம் போகவில்லை என்பதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. பட்டறையில் பிறந்தவன் செய்யக்கூடிய தப்பா அது என்று அப்பா போனில் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து என் பழக்கம் இது: 20-க்குக் கீழே இருந்தால் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை, 15-ல் என்றால் ஆள் வேகமாக நடக்கும் வேகத்தைவிடச் சற்றுக் கூட, திடீரென்று ஸ்டியரிங்கை ஒடிப்பதில்லை, பனி முடிந்த இடத்திலேயே வண்டியை ஓரம் கட்டி நிரப்பிவிட்டுத்தான் நகர்வேன்.

"ஐஸ்லாந்தில் 3 பிஎஸ்ஐ-யில் ஓட்டுகிறார்களே" என்று யாராவது வீடியோ அனுப்புவார்கள். உண்மைதான். அங்கே பனியாறுகள் மேல் 38 அங்குலம், 44 அங்குலம் உயர டயர்களில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ வைத்து மிதந்து போகிறார்கள். 1990-ல் டொயோட்டாவின் ஐஸ்லாந்துக் கிளைக்குள் தொடங்கிய ஆர்க்டிக் டிரக்ஸ் என்கிற நிறுவனம் இதையே தொழிலாகச் செய்கிறது. 2007-ல் ஒரு பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக வட காந்த முனையை நோக்கிப் போன ஹைலக்ஸ் வண்டிகளை அவர்கள்தான் செய்து கொடுத்தார்கள். ஆனால் அந்த வண்டிகளின் மட்கார்டுகள் வெட்டி அகலப்படுத்தப்பட்டவை, கியர் விகிதம் மாற்றப்பட்டவை, டயர் ஓரம் கழன்று வராமல் ரிம்மோடு ஒட்டியோ பூட்டியோ வைக்கப்பட்டது. அந்த டயரில் நான் ஓட்டியதில்லை, அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு உரிமை இல்லை. நம் டயருக்கு அந்த எண் பொருந்தாது என்று சொல்ல மட்டும் பட்டறை அனுபவம் போதும்.

எந்த எண் என்பதைவிட எந்த ரப்பர் என்பது பெரிய கேள்வி. நம் ஊர் டயர்களின் ரப்பர் ஏழு டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும், மைனஸ் பதினைந்தில் செருப்பு அட்டை மாதிரி ஆகிவிடும். குளிர்கால டயர் அந்தக் குளிரிலும் நெகிழ்ந்து கொடுக்கும் கலவையில் செய்யப்பட்டது. அதன் பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் நடுவில் பனித்துகள் வடிவமும் பொறித்திருக்கும். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அது டிரெட் வடிவத்தைப் பற்றி டயர் செய்தவர் தானே சொல்லிக்கொள்வது, பனியில் சோதித்ததற்கான அடையாளம் அல்ல. ஒரு பயணத்துக்காகக் குளிர்கால டயர் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன், கோவை வெயிலில் அது வெண்ணெய் மாதிரி தேயும். இருக்கிற டயரில் டிரெட் ஆழம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, செயினுக்குக் காசு செலவழியுங்கள்.

காற்று அடிக்கும் மிஷின் எடுத்துப்போக வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது இல்லாமல் காற்றைக் குறைக்கவே கூடாது. இறக்க ஒரு சாவி போதும், ஏற்ற மிஷின் வேண்டும். சிகரெட் லைட்டரில் சொருகும் சின்ன மிஷினை நம்பாதீர்கள், பேட்டரியில் நேராகக் கிளிப் போடும் வகையை வாங்குங்கள். 3,700 மீட்டரில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே. ஒவ்வோர் அடிக்கும் மிஷின் உள்ளே தள்ளுவது அவ்வளவு குறைவு, கீழே ஐந்து நிமிஷம் எடுத்தது அங்கே எட்டு நிமிஷம் எடுக்கும். நடுநடுவே ஆற விடுங்கள், இன்ஜினை ஓட விட்டுக்கொண்டே அடியுங்கள். அடித்து முடித்ததும் வால்வு மூடியைப் போட மறக்காதீர்கள். வால்வுக்குள் போன ஈரம் உறைந்தால் ஊசி முழுதாக மூடாமல் இரவெல்லாம் கசிந்துகொண்டிருக்கும், காலையில் பஞ்சர் என்று நினைத்து டயரைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். மீட்டரும் சொந்தமாக ஒன்று இருக்கட்டும், கோவையிலேயே நம்பிக்கையான கடை மீட்டரோடு ஒப்பிட்டு எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கிளம்பும் முன் பின்கதவில் தொங்குகிற ஸ்டெப்னியையும் ஒரு தடவை அளந்துவிடுங்கள். ஷோரூமிலிருந்து வந்த நாளிலிருந்து அதில் யாரும் காற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.